முகத்தின் உறுப்புகளை ஆங்கிலத்தில் கற்பித்தல்: ஐந்து சொற்களோடு நின்றுவிடும் பிள்ளைகள்

கோயில் மண்டப வகுப்பு | வெள்ளி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான பிள்ளைகளுக்கு, எங்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வார இறுதிகளில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நான் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்லேன். தோட்ட அலுவலகத்தில் கிராணி வேலை பார்க்கிறேன். இப்போது முகத்தின் உறுப்புகளை நடத்திக்கொண்டிருக்கிறேன்.

பாலர் பள்ளியிலேயே தொட்டுத் தொட்டுப் பாடி வந்ததால் ஐ, இயர், நோஸ், மவுத், ஹேர் ஆகியவை எல்லாப் பிள்ளைகளுக்கும் தண்ணீர் பட்ட பாடு. அதற்கு மேல்தான் சிக்கல். மணிலா அட்டையில் பெரிய முகம் ஒன்றை வரைந்து, நெற்றி, நெற்றியோரப் பொட்டு, புருவம், இமை, இமைமயிர், மூக்குத் துளை, கன்னம், உதடு, ஈறு, நாக்கு, தாடை, முகவாய், காதுச்சோணை என ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டு ஆங்கிலப் பெயரை எழுதி ஒட்டினேன். சேர்ந்து வாசிக்கும்போது மண்டபமே அதிர்கிறது. அட்டையைத் திருப்பி வைத்துவிட்டுத் தனித்தனியாகக் கேட்டால், ஐபிரௌ என்றதும் இமைமயிரைத் தொடுகிறார்கள். சீக் என்றால் முகவாயையும் சின் என்றால் கன்னத்தையும் காட்டுகிறார்கள். டெம்பிள் எங்கே என்று கேட்டபோது பாதிப் பேர் கருவறைப் பக்கம் கையை நீட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இவற்றில் எத்தனை சொற்கள் போதும், எந்த வரிசையில் கொடுக்கலாம், பொருளைத் தமிழில் சொல்வதா மலாயில் சொல்வதா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.


ஈப்போ ஓய்வாசிரியர் | வெள்ளி, இரவு 10.55

வணக்கம் அம்மா. உங்கள் பிள்ளைகளிடம் குறை இல்லை, அட்டையில்தான் இருக்கிறது. அழகான அட்டையாகத்தான் இருக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரே இனத்தைச் சேர்ந்த சொற்களை, அதுவும் ஒலியிலும் ஒத்திருப்பவற்றை, ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால் அவை ஒன்றையொன்று இடித்துத் தள்ளும். தாமஸ் டிங்கம் என்ற ஆய்வாளர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பொருளால் தொடர்புடைய சொற்களைக் கூட்டமாகப் படித்தவர்களுக்கு, தொடர்பில்லாத சொற்களைப் படித்தவர்களைவிடக் கூடுதலான முயற்சி தேவைப்பட்டது. ராப் வேரிங் அதையே ஜப்பானிய மாணவர்களை வைத்து 1997இல் செய்து பார்த்தபோதும் முடிவு அப்படியே வந்தது. சொற்கற்றல் துறையில் பெயர் பெற்றவரான நியூசிலாந்தின் பால் நேஷன், 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் ஆசிரியர்களுக்கு இதைப் பற்றி நேரடியாகவே எச்சரிக்கை விடுத்தார். பாடநூல் எழுதுபவர்கள் மட்டும் இன்னமும் பழங்களை ஒரு பக்கத்திலும் நிறங்களை ஒரு பக்கத்திலும் முகத்தை ஒரு பக்கத்திலும் அடுக்கிக்கொண்டே இருக்கிறார்கள், ஏனெனில் படம் போடுவதற்கு அதுவே வசதி.

உங்கள் பட்டியலில் மோதல் எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். ஐபிரௌ, ஐலிட், ஐலாஷ் மூன்றும் ‘ஐ’ என்றே தொடங்குகின்றன, மூன்றும் கண்ணைச் சுற்றியே இருக்கின்றன. ஆகவே பிள்ளையின் மனத்தில் ‘கண்ணுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று’ என்ற அளவில்தான் அவை தங்கும். சீக், சின் இரண்டுக்கும் முதல் ஒலி ஒன்று, இடமும் அருகருகே. டெம்பிளோடு டிம்பிளும் பிம்பிளும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். பொட்டு, கன்னக்குழி, பரு மூன்றும் ஒரே குழம்பாகிவிடும்.

ஆகவே அட்டையைச் சுருட்டி வையுங்கள், தூக்கி எறிய வேண்டாம். மோதிக்கொள்ளும் சொற்களைப் பிரித்து, ஒன்று நன்றாக வேரூன்றிய பிறகே அதன் பங்காளியைக் கொண்டுவாருங்கள். சீக் இந்த வாரம் என்றால் சின் இரண்டு வாரம் கழித்து வரட்டும். ஐபிரௌ முதலில் வரலாம், ஏனெனில் புருவத்தைத் தூக்கலாம், நெரிக்கலாம், பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ஐலிட் வரும்போது, உணவு டப்பாவின் மூடிக்கும் லிட் என்றே பெயர் என்பதைக் காட்டி, டப்பாவை மூடித் திறந்து, பிறகு கண்ணை மூடித் திறக்கச் சொல்லுங்கள். ஐலாஷை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைத்தாலும் குடி முழுகிப்போகாது. எல்லாம் தெரிந்த பிறகு ஒருநாள் உங்கள் அட்டையை விரித்து, அம்புக்குறிகளுக்கு எதிரே பெயர்களைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். தெரிந்தவற்றைத் தொகுப்பதற்கு அது மிகச் சிறந்த கருவி. தெரியாதவற்றைப் புகுத்துவதற்குத்தான் உதவாது.


கேள்விக்குறி | சனி, காலை 7.15

ஐயா கூறும் ஆய்வுகளை மறுக்கவில்லை. ஆனால் அவை செயற்கையாக உருவாக்கிய சொற்களைக் கொண்டு நடத்தப்பட்டவை என்று நினைக்கிறேன். தன் முகத்திலேயே இருக்கும் உறுப்பைத் தொட்டுப் படிக்கும் பிள்ளைக்கும் அதே அளவு பொருந்துமா என்பது என் முதல் ஐயம்.

இரண்டாவது ஐயம் இன்னும் அடிப்படையானது. 2017இல் மலேசியாவில் முதலாம் ஆண்டிலிருந்து, மொழித்திறனை அளக்கும் ஐரோப்பியப் பொது அளவுகோலான சி.இ.எஃப்.ஆர். தரத்தை ஒட்டிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ஆறாம் ஆண்டு முடிவில் பிள்ளைகள் ஏ2 நிலையை எட்டினால் போதும் என்றுதான் இலக்கு வைத்தார்கள். ஏ2 என்பது தன்னைப் பற்றியும் அன்றாடத் தேவைகளைப் பற்றியும் எளிய வாக்கியங்களில் பேசத் தெரிந்த நிலை. காதுச்சோணைக்கும் மூக்குத் துளைக்கும் அங்கே என்ன அவசரம்? மூன்றாம் ஆண்டு முடித்த பிள்ளை ‘எனக்குத் தலை வலிக்கிறது, வீட்டுக்குப் போகலாமா’ என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல் நிற்கும்போது, பொட்டுக்கு ஆங்கிலப் பெயர் சொல்லிக் கொடுப்பது பந்தலுக்குக் கால் நடாமல் தோரணம் கட்டுவதாகத்தான் எனக்குத் தெரிகிறது.


கிளினிக் தாதி | சனி, பிற்பகல் 2.05

நான் அரசாங்க கிளினிக்கில் தாதியாகப் பணிபுரிகிறேன். மேலே உள்ள சகோதரர் கூறியதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், மீதியை ஒப்புக்கொள்ள இயலவில்லை. முகத்தின் உறுப்புகளுக்குப் பெயர் தெரியாததால் நோயாளி படும் பாட்டை நாள்தோறும் பார்க்கிறேன். பல்வலி என்று வருபவரிடம் மருத்துவர் வலி பல்லிலா, ஈறிலா, தாடை மூட்டிலா என்று கேட்பார். மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் கேட்பார். நோயாளி கன்னம் முழுவதையும் உள்ளங்கையால் பொத்திக் காட்டுவார். கையால் காட்டினால் புரியாதா என்று நீங்கள் கேட்கலாம். வீங்கிய இடம் தெரியும். வலி எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது என்பது வாயால் சொன்னால்தான் தெரியும்.

வகுப்பு நடத்தும் சகோதரிக்கு எங்கள் துறையிலிருந்தே ஒரு பாடம் கிடைக்கிறது. முகத் தசைகளை இயக்குவது ஏழாவது கபால நரம்பு. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மருத்துவர் நோயாளியிடம் சில செயல்களைச் செய்யச் சொல்வார்: இரண்டு புருவங்களையும் உயர்த்துங்கள், கண்களை இறுக மூடுங்கள், கன்னங்களை உப்பவையுங்கள், பற்களைக் காட்டுங்கள். ரேய்ஸ் யுவர் ஐபிரௌஸ், குளோஸ் யுவர் ஐஸ் டைட், பஃப் அவுட் யுவர் சீக்ஸ், ஷோ மீ யுவர் டீத் என்று அதே கட்டளைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். உப்பிய கன்னத்தோடு எதிரே இருப்பவனைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது என்பதால் யாரும் தூங்கமாட்டார்கள்.

ஐந்தாவது கபால நரம்பு முகத்தின் உணர்ச்சிக்கு உரியது. அதற்கு மூன்று கிளைகள். அதைச் சோதிக்கும்போது, நோயாளியைக் கண்களை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சால் நெற்றியிலும் கன்னத்திலும் தாடையிலும் மெல்லத் தொட்டு, உணர்கிறதா என்று கேட்பார்கள். ஃபோர்ஹெட், சீக், ஜா என்ற இந்த மூன்றும் ஒலியால் ஒத்திருக்கவில்லை, முகத்தில் மேல், நடு, கீழ் என்று விலகியும் நிற்கின்றன. ஓய்வாசிரியர் ஐயா சொன்ன கணக்குப்படி முதல் வாரத்திற்கு இவை பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பெரியவர்களுக்காக இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். திடீரென்று ஒருவரின் முகம் ஒரு பக்கம் தொங்கினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் காத்திருக்காமல் 999 எண்ணை அழையுங்கள். பக்கவாதத்தில் பெரும்பாலும் முகத்தின் கீழ்ப்பாதி தொங்கும், நெற்றியைச் சுருக்க முடியும். முக நரம்பே பாதிக்கப்படும் பெல்ஸ் பால்சியில் அந்தப் பக்கத்து நெற்றியும் அசையாது. ஆனால் எது என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய வேண்டாம். தொலைபேசியில் விவரம் கேட்பவரிடம் ‘ஃபேஸ்’, ‘ஒன் சைட்’ என்ற சொற்களையாவது தெளிவாகச் சொல்லுங்கள்.


கோயில் மண்டப வகுப்பு | சனி, மாலை 6.30

தாதி சகோதரிக்கு மிக்க நன்றி. இன்று மாலை வகுப்பில் அந்த நான்கு கட்டளைகளையும் சொல்லிப் பார்த்தேன். கன்னத்தை உப்பவைப்பதில் முதலாம் ஆண்டுப் பையன்கள் காட்டிய உற்சாகத்தைப் பார்த்து, பூசைக்கு வந்த பாட்டிமார் இருவர் தாங்களும் செய்து பார்த்தார்கள்.

மலாய் பற்றிய என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. பிள்ளைகளுக்கு டாஹி, பிப்பி, டாகு என்பவை பள்ளி மலாய்ப் பாடத்திலேயே தெரிந்திருக்கின்றன. நெற்றி, கன்னம், முகவாய் என்பதைவிட அவை வாயில் சட்டென்று வருகின்றன. எனவே மலாய் வழியாகவே போய்விடலாமா?


பாகான் செராய் மொழிப்பிரியன் | சனி, இரவு 8.50

போகலாம், ஆனால் இரண்டு இடங்களில் வழுக்கும்.

முதலாவது கெனிங் என்ற சொல். நம் நாட்டு மலாயில் அது புருவம். இந்தோனேசிய மொழியிலோ கெனிங் என்றால் நெற்றி. புருவத்தை அவர்கள் ஆலிஸ் என்பார்கள். செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியத் தொழிலாளர் குடும்பங்களும் நம் பிள்ளைகளும் ஒரே திடலில் விளையாடுகிறார்கள் என்பதால், கெனிங் என்று சொல்லி ஐபிரௌவுக்குப் பொருள் கற்பித்தால் ஒரு பிள்ளை புருவத்தையும் அடுத்த பிள்ளை நெற்றியையும் தொடக்கூடும். இருவரும் தங்கள் வீட்டு வழக்கப்படி சரிதான்.

இரண்டாவது வழுக்கல் நம் தமிழிலேயே இருக்கிறது. எழுத்துத் தமிழில் தாடை வேறு, முகவாய் அல்லது மோவாய் வேறு. வீட்டில் நாம் பேசும்போது தாடை என்ற ஒரே சொல் கீழ்த்தாடை எலும்பையும், முகவாயையும், சில வேளைகளில் கன்னத்தையும் குறித்துவிடுகிறது. ‘தாடையிலேயே ஒன்று வைப்பேன்’ என்று அப்பா மிரட்டினால் அடி விழும் இடம் கன்னம் என்று பிள்ளைக்குத் தெரியும். பாட்டி மட்டும் முகவாயைத் தாவாங்கட்டை என்று தனியாகச் சொல்வார். அந்தச் சொல்லும் இளைய தலைமுறையிடம் தேய்ந்து வருகிறது. ஆகவே ஜா, சின், சீக் மூன்றையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வதற்கு ஆங்கிலம் மட்டும் காரணமில்லை. நாம் கொடுத்துவைத்திருக்கும் தமிழிலும் அந்தக் கோடுகள் அழிந்திருக்கின்றன. முதலில் தமிழில் முகவாய் எது, தாடை எது, கன்னம் எது என்று கையால் தடவிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளட்டும். தாடையைக் கண்டுபிடிப்பது எளிது: காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னால், அங்கே அசையும் எலும்பு தாடை. கீழே இறங்கி நடுவில் முடியும் முனை முகவாய்.

பொட்டு என்பதும் அப்படித்தான். பிள்ளைகளுக்குப் பொட்டு என்றால் நெற்றியில் வைப்பது மட்டுமே. ‘பொட்டில் அறைந்தாற்போல்’ என்று நாம் பேசும்போது எந்த இடத்தைச் சொல்கிறோம் என்று பெரியவர்களிடமே கேட்டுப் பாருங்கள், பலர் நெற்றி நடுவைக் காட்டுவார்கள். கன்னப்பொறி என்றால் ஐயமின்றி விளங்கும்.

மலாயில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. மீசைக்கு மலாயில் மீசாய். அது நம்மிடமிருந்து போன சொல். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், மகிழ்ச்சி அடைவார்கள்.


ஈப்போ ஓய்வாசிரியர் | சனி, இரவு 10.20

மொழிப்பிரியன் அவர்கள் கூறியதை வழிமொழிகிறேன். அதனோடு தொடர்புடைய இன்னொன்று: பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதவிடாதீர்கள். இந்த இழையில் நாம் அப்படி எழுதுவது, கேட்டுப் பழகிய பெரியவர்கள் நமக்குள் பேசிக்கொள்வதற்காக. பிள்ளைக்கு அது பொறி. தமிழில் ‘சின்’ என்று எழுதினால், முகவாயைக் குறிக்கும் சொல்லும், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் எலும்பைக் குறிக்கும் சொல்லும், பாவத்தைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் அவை மூன்று வெவ்வேறு ஒலிகள். அவ்வாறே ‘கம்’ என்று எழுதினால் ஈறும் ‘வா’ என்பதும் ஒன்று; மெய்யெழுத்தின் ஒலிப்பு வேறுபாட்டை நம் எழுத்து காட்டாது.

ஒலியைக் காதால் பிடிக்க வேண்டும். முகவாய்க்கு நாக்கு நுனி மேலண்ணத்தில் ஒட்டி வெடித்து வர வேண்டும், ‘அச்சம்’ என்பதில் வரும் இரட்டைச் சகரம் போல. கால் எலும்புக்குக் குழந்தையை ‘ஷ்’ என்று அடக்கும் ஒலி. பாவத்திற்குப் பாம்பு சீறும் ஒலி. மூன்றையும் சொல்லி, பிள்ளைகள் முகவாயைத் தொட வேண்டுமா, காலைத் தொட வேண்டுமா, காதைப் பொத்திக்கொள்ள வேண்டுமா என்று ஒரு விளையாட்டு வைத்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் 1960களில் வளர்த்தெடுத்த முறையும் இதுவே: முதலில் கட்டளையைக் கேட்டு உடலால் செய்வது, பேச்சு பிறகு தானாக வரட்டும் என்று விடுவது. பேசச் சொல்லி வற்புறுத்தாததால் கூச்சமுள்ள பிள்ளைகளும் கலந்துகொள்வார்கள்.

ஐபிரௌவின் கடைசிப் பகுதியைப் பல ஆசிரியர்களே ‘ப்ரோ’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பசுவைக் குறிக்கும் கௌ என்ற சொல்லோடு எதுகை சேர வேண்டும். நண்பனை அழைக்கும் ப்ரோவோடு அன்று.


முடிதிருத்தகக்காரன் | ஞாயிறு, காலை 9.10

ஞாயிறு காலையில் கடை நிறைந்திருக்கும். ஒரு வாடிக்கையாளருக்கும் அடுத்தவருக்கும் இடையில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முக உறுப்புகளில் எனக்கு முதலில் தேவைப்பட்ட ஆங்கிலச் சொல் சைட்பர்ன், அதாவது கிருதா. எங்கள் நகரத்திற்கு வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் வந்த பிறகு, மலாய் அரைகுறையாகத் தெரிந்தவர்களோடு எனக்கும் ஆங்கிலம் தேவைப்பட்டது. கிருதாவைக் காதுச்சோணை வரை விடுவதா, காதின் நடு வரை நிறுத்துவதா என்று கேட்காமல் கத்தியை வைத்தால் வம்பு. இயர்லோப் என்ற சொல்லையும் அங்கேதான் கற்றேன். எனவே காதுச்சோணைக்கு என்ன அவசரம் என்று கேட்ட நண்பரைக் கடைக்கு வரச் சொல்லி அழைக்கிறேன்.

கிருதாவின் ஆங்கிலப் பெயர் ஒரு படைத்தளபதியிடமிருந்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆம்புரோஸ் பர்ன்சைட் என்று ஒருவர் இருந்தார். அவருடைய கன்னத்து மயிர் புகழ்பெற்றதால் முதலில் பர்ன்சைட்ஸ் என்றார்கள், பிறகு சொல்லின் முன்பாதியும் பின்பாதியும் இடம் மாறிக்கொண்டன. படத்தில் பார்த்தால், முகவாயை மட்டும் மழித்துவிட்டு இரண்டு கன்னத்தையும் மீசையோடு இணைத்திருக்கிறார். அதைத் திருத்திச் சீராக்க அரைமணி நேரமாவது பிடித்திருக்கும்.

பெரியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை ஒன்று உண்டு. மூக்கில் பரு, மூக்கில் பஞ்சு என்று தமிழில் இரண்டுக்கும் ‘இல்’ போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் தோலின் மேல் இருப்பதற்கு ஆன், உள்ளே இருப்பதற்கு இன். பரு இன் மை நோஸ் என்றால் அது மூக்கின் உள்ளே இருக்கிறது என்று பொருளாகும். ஒரு வாடிக்கையாளர் அப்படிச் சொன்னதை நம்பி, மூக்கினுள் விளக்கடித்துப் பார்த்தேன்.


கேள்விக்குறி | ஞாயிறு, பிற்பகல் 12.40

அண்ணன் அழைப்பை ஏற்றுக் கடைக்கு வருகிறேன். அவர் கடைசியில் குறிப்பிட்டதைத்தான் நான் வேறு சொற்களில் சொல்ல முயன்றேன். பெயர்ச்சொல்லை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டு என்ன செய்வது? நோஸ் தெரிந்த பிள்ளைக்கு ‘ஆன்’ தெரியவில்லை, ‘மை’ தெரியவில்லை. தமிழில் ‘முகத்தைக் கழுவு’ என்கிறோம், மலாயிலும் அப்படியே. யாருடைய முகம் என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் வாஷ் யுவர் ஃபேஸ் என்று உடைமையைச் சொல்லியே ஆக வேண்டும். நம் பிள்ளைகள் ஐ வாஷ் ஃபேஸ் என்று எழுதுவதை மேல்படிவம் வரை பார்க்கிறோம்.

தாதி சகோதரி கொடுத்த கட்டளைகளில் ‘யுவர்’ ஒட்டிக்கொண்டே வருகிறது என்பதால் அந்த முறைக்கு என் ஆதரவு உண்டு. கேட்டுச் செய்த பிறகு, செய்தவர் வாயால் சொல்லும்போது யுவர் என்பது மை ஆக மாற வேண்டும்: டச் யுவர் சின், ஐ ஆம் டச்சிங் மை சின். இந்த ஒரு மாற்றத்தைப் பழக்கினாலே, பதின்மூன்று சொற்கள் தெரிந்த பிள்ளையைவிட ஐந்து சொற்கள் தெரிந்த பிள்ளை நன்றாகப் பேசும். காதுச்சோணை விஷயத்தில் மட்டும் என் நிலை மாறவில்லை. பிள்ளைகள் யாரும் இப்போதைக்குக் கிருதா வைக்கப் போவதில்லை.


படிவம் ஐந்து மாணவி | ஞாயிறு, மாலை 5.15

வணக்கம். எனக்கு ஒரு சிறு ஐயம். நெற்றிக்கான சொல்லை எங்கள் ஆசிரியை ஃபோர்ஹெட் என்றும், என் தாத்தா ஃபாரிட் என்றும் சொல்கிறார்கள். தாத்தா பழைய ஆங்கிலப் பள்ளியில் படித்தவர், தான் சொல்வதுதான் சரி என்கிறார். எஸ்.பி.எம். வாய்மொழித் தேர்வில் எதைச் சொல்வது?

இன்னொன்று, ஃபிரௌன் என்பதற்குப் படங்களில் வாய் கீழ்நோக்கி வளைந்த முகத்தைப் போடுகிறார்கள். அகராதியில் பார்த்தால் புருவத்தைப் பற்றி எழுதியிருக்கிறது.


ஈப்போ ஓய்வாசிரியர் | ஞாயிறு, இரவு 7.45

தாத்தாவும் சரி, ஆசிரியையும் சரி. ஃபாரிட் என்பது பழைய பிரிட்டிஷ் உச்சரிப்பு. அக்காலத்தில் படித்தவர்கள் ஹாரிட் என்பதோடு எதுகையாகவே சொல்வார்கள். இப்போது பிரிட்டனிலேயே எழுத்தை ஒட்டி ஃபோர்ஹெட் என்பதே பெருவழக்கு. தேர்வில் ஃபோர்ஹெட் என்று சொல்லிவிட்டு, வீட்டில் தாத்தாவிடம் ஃபாரிட் என்று சொன்னால் இரண்டு பக்கமும் நல்ல பெயர் கிடைக்கும்.

ஃபிரௌன் என்பது அடிப்படையில் புருவம் நெரிப்பது. கோபம், கவலை, ஆழ்ந்த யோசனை எதுவாகவும் இருக்கலாம். வாய்க்கோடு கீழே வளைவதையும் அதே சொல்லால் குறிப்பது அமெரிக்க வழக்கு. படங்கள் அங்கிருந்து வருகின்றன. கட்டுரையில் புருவம் நெரிப்பதற்கே பயன்படுத்துங்கள். பிளிங்க், விங்க் இரண்டையும் இதோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு கண்ணும் தானாக இமைத்தால் முதலாவது, வேண்டுமென்றே ஒரு கண்ணை அடித்தால் இரண்டாவது. கட்டுரையில் தலைமையாசிரியர் மாணவர்களைப் பார்த்து ‘விங்க்’ செய்தார் என்று எழுதிவிடாதீர்கள்.


கோயில் மண்டப வகுப்பு | ஞாயிறு, இரவு 9.30

எல்லாருடைய கருத்தையும் வைத்து ஒரு வரிசை போட்டிருக்கிறேன். முதல் வாரம் ஃபோர்ஹெட், சீக், ஜா. ஃபோர்ஹெட்டுக்குத் திருநீறு பூசும்போதே சொல்லவைக்கலாம் என்று பூசாரி ஐயாவிடமும் பேசிவிட்டேன். அடுத்த வாரம் ஐபிரௌவும் லிப்பும். அதன்பின் சின், அதோடு ‘ச்’ ஒலி விளையாட்டு. ஐலிட்டும் டங்கும் நான்காம் வாரம். நாஸ்ட்ரில், கம், ஐலாஷ் ஆகியவை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும். டெம்பிளையும் இயர்லோப்பையும் எடுத்துவிட்டேன். முடிதிருத்தும் அண்ணன் மன்னிக்கவும். ஒவ்வொரு சொல்லும் கட்டளையாக வந்து, பிறகு ‘மை’ சேர்த்துப் பிள்ளை வாயிலிருந்து வரவேண்டும். முகவாய், தாடை, கன்னம் மூன்றையும் தமிழில் தடவிப் பார்ப்பது முதல் வகுப்பின் முதல் வேலை. மலாய் கேட்டால் மட்டும் சொல்வேன், கெனிங் தவிர.

இணையர்களாக உட்காரவைத்து ஒருவர் முகத்தை மற்றவர் தொட்டுக் காட்டும்படி செய்யலாமா என்பது மட்டும் யோசனையில் இருக்கிறது.


கிளினிக் தாதி | ஞாயிறு, இரவு 10.05

அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள் சகோதரி. கை, கால், வாய் நோய் நம் நாட்டில் சிறு பிள்ளைகளிடையே அடிக்கடி பரவுவது உங்களுக்குத் தெரியும். எச்சிலும் மூக்குச் சளியும் கொப்புள நீரும் கையில் பட்டாலே போதும். அவரவர் முகத்தை அவரவரே தொடட்டும், தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பிறகும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். ஈறைக் காட்டும் வாரத்தில் வாய்க்குள் விரல் வைக்கவிடாமல், உதட்டை மேலே சுருட்டி ஷோ மீ யுவர் கம்ஸ் என்று கண்ணாடியில் பார்க்கச் சொன்னால் போதும். வாய்க்குள் கொப்புளமோ புண்ணோ இருக்கும் பிள்ளையைக் கண்டால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பி, கிளினிக்குக்கு அழைத்து வரும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.